நிலம் நடுங்கிய நாள்கள்

ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறும், பணியாற்றிய பங்குத்தந்தையரின் பெயர்களும், மணிக்கும் பீடத்துக்கும் காணிக்கை தந்தோரின் விவரமும் இடம் பெறுவது மரபு. அவற்றை மற்றவர்கள் இம்மலரில் செவ்வனே எழுதியுள்ளனர். புதுவைக் கடலோரத்தில் வாழும் நம் பங்கு மக்கள் நெஞ்சில் சுமந்து நிற்கும் இன்னொரு வரலாறும் உண்டு. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நம் காலடியில் நிலம் அசைந்த நாள்களின் வரலாறு அது. அதைக் கண்ட பெரியவர்கள் ஒவ்வொருவராக இறைவனடி சேர்ந்து வரும் இவ்வேளையில், எழுதி வைப்பது கடமை எனக் கருதி இக்கட்டுரையை வரைகிறேன்.

புயலும் வெள்ளமும் நமக்குப் புதியன அல்ல. நிலநடுக்கமோ வடநாட்டுச் செய்தி என்றே எண்ணியிருந்தோம். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதி இடிந்து விழுந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, தொலைவில் உள்ளவர்களுக்காக மன்றாடுவது போலவே மன்றாடினோம். அதே ஆண்டு செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை, இரவு 8.26 மணிக்கு அது நம் வீட்டு வாசலுக்கே வந்தது.

புதுவைக்கு எதிரே கடலடியில் பிறந்த அந்த அதிர்ச்சியின் அளவு 5.5. சில நொடிகளே நீடித்தது. ஆனால் அந்த நொடிகளை மறந்தவர் எவருமில்லை. பரணில் இருந்த பித்தளைக் குடங்கள் ஒன்றோடொன்று மோதின. திரு இருதயப் படம் சுவரில் ஆடியது. இரவுச் செபமாலையில் இருந்த குடும்பங்கள் மாலையைக் கையில் பிடித்தபடியே தெருவுக்கு ஓடி வந்தன. "வீட்டுக்குள் போகாதீர்கள், மறுபடியும் வரும்" என்ற பேச்சு தெருத்தெருவாய்ப் பரவியது. இடிந்து விழ எதுவும் இல்லாத திறந்தவெளி எது? கடற்கரைதான். பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பலர் அன்றிரவு மணலிலேயே படுத்தார்கள். நிலம் பகையானால் கடல் காக்கும் என்று அன்று கற்றுக்கொண்டோம். அந்தப் பாடம் எவ்வளவு பிழையானது என்பதை அறிய மூன்று ஆண்டுகள் ஆயின.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், திருக்குடும்பத் திருநாள். குடில் கலையவில்லை, வீடுகளில் பலகாரம் தீரவில்லை. காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால், கடலடியில் 9.1 அளவுள்ள பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. நம் ஊரில் அது மெல்லிய அசைவுதான். பலர் உணரவே இல்லை. உணர்ந்தவர்களுள் ஒரு தாயார் என்னிடம் சொன்னது இது: "கட்டில் ஆடிச்சு. தலைசுத்தல்னு நெனச்சேன். பூசைக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன். யாருகிட்டயும் சொல்லல." பூசை முடிந்ததும் அவருடைய பேரன் மற்றப் பிள்ளைகளோடு கரைக்கு விளையாடச் சென்றான். அவன் திரும்பி வரவில்லை.

அந்த அசைவுக்கும் அலைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. ஒரு திருப்பலிக்குச் சென்று வீடு திரும்பி உணவும் உண்ணலாம். ஊர் முழுவதும் மேட்டுக்கு நடந்தே போய்ச் சேரலாம். ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் நீர் வந்துகொண்டிருந்ததை நமக்குச் சொல்வார் இல்லை. முதல் அலை வந்து பின்வாங்கியதும் பல இடங்களில் மக்கள் வேடிக்கை பார்க்க இறங்கினர். அடுத்த அலை அவர்களை வாரிக்கொண்டது. நகரின் பழைய பகுதியைக் கடற்சுவர் தடுத்துக் காத்தது. சுவரில்லாத மீனவக் குப்பங்கள் அழிந்தன. காரைக்காலில் நூற்றுக்கணக்கானோரும், வேளாங்கண்ணித் திருப்பயணிகள் உட்பட நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரும் மாண்டனர்.

இது முன்னறியாத ஒன்றா? அல்ல. 1881 டிசம்பர் 31 அன்று நிக்கோபார் அருகே நிலம் நடுங்கியபோதே அலை நம் கரைக்கு வந்தது. நாகையிலும் சென்னையிலும் இருந்த கருவிகள் அதைப் பதிவு செய்தன. அலை சிறிதாக இருந்ததால் நம் பாட்டிமார் கதைகளில் அது தங்கவில்லை. ஆனால் சுமத்ராவை ஒட்டிய சிமலூ தீவில் 1907-இல் பேரலை ஊரை அழித்தது. "நிலம் ஆடினால் மேட்டுக்கு ஓடு" என்று அத்தீவினர் பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வந்தனர். 2004-இல் நடுக்கத்துக்கு மிக அருகே இருந்தும், ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர் எழுவரே. அவர்களைக் காத்தது சுவரன்று, நினைவு.

நாமும் பிந்தியாவது கற்றோம். 2005 மார்ச் 28, உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாள் இரவு, சுமத்ராவில் மீண்டும் 8.6 அளவில் நடுக்கம். செய்தி கேட்டதுமே குப்பங்கள் இருளில் காலியாயின. 2012 ஏப்ரல் 11, பாஸ்கா எண்கிழமையின் புதன்கிழமை பிற்பகல், மறுபடியும் 8.6. இம்முறை நம் ஊரிலும் நாற்காலிகள் ஆடின. ஒருவரும் கரைக்கு ஓடவில்லை. கிழவிகளைத் தோளில் சுமந்து இளைஞர் மேற்கே நடந்தனர். கடலடி நிலம் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டதும் எல்லோரும் வீடு திரும்பினர். "வீணாய் ஓடினோம்" என்று சிலர் சிரித்தார்கள். பேரனை இழந்த அந்தத் தாயார் சிரிக்கவில்லை. "தெனமும் இப்படி வீணா ஓடலாம்" என்றார்.

எலியா இறைவாக்கினர் மலைமேல் நின்றபோது நிலநடுக்கத்தில் ஆண்டவர் இல்லை. அதன் பின்னர் வந்த மெல்லிய குரலில்தான் அவரைக் கண்டார் என மறைநூலில் படிக்கிறோம். நடுக்கத்தைத் தண்டனை என்று சொல்லித் திரிவதைவிட, அதன் பின் வரும் குரலுக்குச் செவி கொடுப்பதே விசுவாசம். இன்று மறைக்கல்வி வகுப்பில் அமரும் பிள்ளைகள் அனைவரும் 2004-க்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: தரை ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, எச்சரிக்கை கேட்டாலோ, காத்திராதே, கரையை விட்டு உள்ளே ஓடு, பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடு. முதல் அலை போனதென்று திரும்பாதே.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 திருப்பலியில் மரித்தோரின் பெயர்களை வாசிக்கிறோம். அன்று இந்த நான்கு சொற்களையும் சேர்த்தே வாசித்தால், அதுவே அவர்களுக்கு நாம் ஏற்றும் உண்மையான மெழுகுதிரி. கடலின் விண்மீனாம் அன்னை மரி நம் கரையையும் நம் நினைவையும் காப்பாராக!