பீடத்தில் ஏறிய பொம்மைகள்

குழந்தை தன் பொம்மையோடு பேசுவதும், அதற்குப் பசிக்கிறதென்று தானே சொல்லித் தானே சோறூட்டுவதும் எந்தத் தேசத்திலும் எந்தக் காலத்திலும் காணக்கூடியவை. ஆனால் முன்தினம் நடந்த விளையாட்டைப் பொம்மையே ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, மறுநாள் வேறொரு வீட்டில் வேறொரு யந்திரத்தின் முன்னே நிறுத்தப்பட்டபோதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதென்பது, 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘ஸ்கைலேண்டர்ஸ்: ஸ்பைரோஸ் அட்வெஞ்சர்’ என்னும் வீடியோ கேம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேரும்வரை, பெரும்பாலோர் கண்டிராத விநோதமாகவே இருந்தது. அந்த விநோதத்திலிருந்து ஒரு பெரிய வியாபாரமும், அந்த வியாபாரத்தைக் காட்டிலும் நெடுநாள் நிலைத்த ஒரு சேகரிப்புப் பழக்கமும் பிறந்தன.

அதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1987-இல் மாட்டெல் நிறுவனம் ‘கேப்டன் பவர்’ என்றொரு தொலைக்காட்சித் தொடரை வெளியிட்டு, திரையில் மின்னும் ஒளித் துடிப்புகளை உணரும் விளையாட்டு விமானங்களையும் உடன் விற்றது. குழந்தை குறி தவறித் தொலைக்காட்சியிடம் தோற்றுப்போனால், கையிலிருக்கும் விமானத்தின் விமானி தன் ஆசனத்தோடு வெளியே துள்ளி விழுவான். தொடர் ஒரு பருவத்தோடு முடிந்தது. அதே மாட்டெல் 2007-இல் ‘யூ.பி. ஃபங்கீஸ்’ என்ற சிறு உருவங்களைக் கொண்டுவந்தது. கணினியோடு யு.எஸ்.பி. வடத்தால் இணைந்த ஒரு பெரிய பொம்மையின்மேல் இவற்றைப் பொருத்தினால், திரையிலுள்ள கற்பனை உலகில் அந்தந்த உருவத்திற்குரிய அறைகள் திறக்கும். யோசனை நல்லதுதான். ஆனால் அந்த உருவங்கள் சாவிகளாக இருந்தனவேயன்றி, தமக்கென்று ஒரு சரித்திரம் உடையவையாக இருக்கவில்லை.

சரித்திரத்தைக் கொடுத்தவர்கள் கலிபோர்னியாவில், ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள நொவாட்டோ என்னும் சிற்றூரில் இயங்கிய ‘டாய்ஸ் ஃபார் பாப்’ குழுவினர். அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான பால் ரைகி, 1983-இல் ‘ஆர்க்கான்’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். சதுரங்கம் போன்ற பலகையில் இரு காய்கள் ஒரே கட்டத்தில் சந்தித்தால், ஒன்று மற்றொன்றை அமைதியாக வெட்டி நீக்காமல், இரண்டும் உயிர்பெற்றுச் சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ளும் ஆட்டம் அது. பலகையில் நிற்கும் காய்க்கு உயிர் கொடுக்கவேண்டுமென்ற ஆசை அவருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக உள்ளூர இருந்திருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அதற்கு ஆதாரம் இந்த இரண்டு விளையாட்டுகளைத் தவிர வேறில்லை.

2005-இல் டாய்ஸ் ஃபார் பாப், ஆக்டிவிஷன் என்ற பெருநிறுவனத்தின் உடைமையாயிற்று. 2008-இல் விவெண்டியின் விளையாட்டுப் பிரிவு ஆக்டிவிஷனோடு சேர்ந்தபோது, 1998 முதல் சிறுவர்கள் அறிந்திருந்த ‘ஸ்பைரோ’ என்ற ஊதாநிற டிராகனும் அதன் பங்கில் வந்தது. அதைக்கொண்டு புதிதாக ஏதேனும் செய்யவேண்டுமென்ற நிலையில், குழுவிலிருந்த இருவருடைய பொழுதுபோக்குகள் உதவிக்கு வந்தன. ஐ-வெய் ஹுவாங் என்ற கதாபாத்திர ஓவியர் நீராவியால் நடக்கும் சிறு இயந்திர உருவங்களைச் செய்து மகிழ்பவர். ராபர்ட் லேலண்ட் என்ற நிரலாளர் மின்னணுச் சாதனங்களை வீட்டிலேயே கட்டிப் பார்ப்பவர். ஒருவர் பொம்மைகளை வார்த்தார், மற்றவர் அவை நிற்கவேண்டிய பீடத்தின் முதல் மாதிரியைச் செய்தார். யோசனையை நிண்டெண்டோவிடமும் காட்டினார்கள். அந்நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் ஏற்கவில்லை. சில வருஷங்களுக்குப்பின் தானே அவ்வழியில் இறங்கியது என்பதை நினைக்கும்போது, அந்த மறுப்பு ஒரு சுவாரசியமான விஷயமாகிறது.

பீடத்தின் சூட்சுமம் எளிது. ‘போர்ட்டல் ஆஃப் பவர்’ எனப்பட்ட அந்த வட்டத் தட்டினுள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் வினாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை ஊசலாடும் மின்னோட்டம் செல்கையில் எழும் காந்தப்புலம், பொம்மையின் அடியிலுள்ள மெல்லிய சுருளில் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்தச் சொற்ப சக்தியே, பேட்டரி ஏதுமின்றி, பொம்மைக்குள் இருக்கும் சிப்பை விழிக்கச்செய்து பேசவைக்கப் போதுமானது. பேசுவதோடு நில்லாமல் எழுதிக்கொள்ளவும் அதனால் முடியும். ஏறத்தாழ 1 கிலோபைட் அளவே உள்ள அந்த ஞாபகத்தில், பொம்மை ஏறிய படிகள், சேர்த்த பொன், கற்ற வித்தைகள், உடைமையாளர் சூட்டிய செல்லப்பெயர் ஆகியவை பதிவாயின. நிண்டெண்டோவின் வீ கன்சோலில் வளர்ந்த பொம்மையைத் தோழன் வீட்டு எக்ஸ்பாக்ஸின் பீடத்தில் வைத்தாலும் அது தன் திறமைகளோடு எழுந்தது. கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைக் கதைகளில் கேட்டு வளர்ந்த நமக்கு இது அவ்வளவு புதிதாகத் தோன்றாமலிருக்கலாம். ஆனால் ஒன்றோடொன்று பேச மறுத்த போட்டி நிறுவனங்களின் கன்சோல்களுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் பொம்மை தடையின்றிப் போய்வந்தது அந்நாளில் பெரிய காரியம். பிற்காலத்தில் பழைய பொம்மைகளை வாங்கியவர்கள், அவற்றைப் பீடத்தில் வைத்தபோது, முன்பு அவற்றை வைத்திருந்த ஏதோவொரு குழந்தை இட்ட பெயர் திரையில் தோன்றக் கண்டதுண்டு. அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் வழி உண்டு.

இத்தனை நேர்த்தியோடு கணக்கும் இருந்தது. விளையாட்டும் பீடமும் ஸ்பைரோ, கில் கிரண்ட், டிரிகர் ஹேப்பி என்ற மூன்று பொம்மைகளும் அடங்கிய முதல் பெட்டியின் விலை 70 டாலர். தனிப் பொம்மை 8 டாலர். பாத்திரங்கள் நீர், நெருப்பு, மந்திரம், மண் முதலிய எட்டுத் தத்துவங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. விளையாட்டில் ஆங்காங்கே வரும் சில வாசல்கள் அந்தந்தத் தத்துவத்தைச் சேர்ந்த பொம்மைக்கே திறக்கும். முதற்பெட்டியின் மூன்றும் மூன்று தத்துவங்களுக்கு மட்டுமே உரியவை. ஆகையால் எல்லா வாசல்களையும் பார்க்க விரும்பிய பிள்ளைக்குப் பெற்றோர் இன்னும் ஐந்து பொம்மைகளையாவது வாங்கித் தரவேண்டியிருந்தது. இதைச் சூழ்ச்சி என்பவர்கள் உண்டு. பூட்டிய வாசலை வெளிப்படையாகக் காட்டி, அதற்குரிய சாவியைக் கடையில் அதன் விலையோடு வைத்தவனைக்காட்டிலும், உள்ளே இருப்பது தெரியாத பொட்டலத்தை விற்றவனையே நான் குறைகூறுவேன். அந்தக் குறை பின்னால் டிஸ்னியைச் சேர்ந்தது: 2013-இல் வந்த அதன் ‘டிஸ்னி இன்ஃபினிட்டி’யில், சக்தி தரும் சிறு தகடுகள் உள்ளடக்கம் தெரியாத உறைகளில்தான் விற்கப்பட்டன.

ஸ்கைலேண்டர்ஸ் பதினைந்தே மாதங்களில் உலகமெங்கும் 100 கோடி டாலர் விற்பனையைத் தாண்டியது. அதன்பின் வருஷத்துக்கொரு புதுமை தேவைப்பட்டது. 2012-இல் பீடத்தின் சக்தியாலேயே ஒளிரும் பொம்மைகளும் பெருத்த உருவமுடைய ‘ஜயண்ட்ஸ்’களும் வந்தன, 2013-இல் இடுப்பில் காந்தம் வைத்து இரண்டாகப் பிரியும் 16 பொம்மைகள் வந்தன, மேல்பாதிகளையும் கீழ்ப்பாதிகளையும் மாற்றிமாற்றிப் பொருத்தினால் 256 உருவங்கள், 2014-இல் பகைவர்களைச் சிறைபிடிக்கும் பளிங்கு போன்ற பொறிகளும், அவற்றுக்கென்றே ஒரு புதுப் பீடமும், 2015-இல் வாகனங்கள். பழைய பொம்மைகள் யாவும் புதிய விளையாட்டுகளிலும் ஏற்கப்பட்டன என்பதுதான் சேகரிப்போரின் விசுவாசத்தைக் காப்பாற்றிய பேருபகாரம். ஆனால் கடைக்காரர்களின் அலமாரிக்கு அத்தகைய விசுவாசம் கிடையாது. சென்ற ஆண்டின் பொம்மைகள் விற்காமல் தொங்கிக்கொண்டிருக்கையில் இவ்வாண்டின் பொம்மைகளும் வந்து குவிந்தன; அவற்றின் பக்கத்திலேயே டிஸ்னியின் பொம்மைகளும், 2015 செப்டம்பர் முதல் ‘லெகோ டைமென்ஷன்ஸ்’ கட்டைகளும் இடம் கேட்டன.

முதலில் விலகியது டிஸ்னி. ஸ்டார் வார்ஸ், மார்வெல் முதலிய பெரும் புகழ் பெற்ற பாத்திரங்கள் எல்லாம் கைவசமிருந்தும், 2016 மே மாதம் இன்ஃபினிட்டியை நிறுத்துவதாக அறிவித்து, 14 கோடியே 70 லட்சம் டாலரைச் செலவுக் கணக்கில் எழுதி, அதை உருவாக்கிய ஸால்ட் லேக் சிட்டியின் அவலாஞ்ச் கூடத்தையும் மூடியது. அதே ஆண்டில் வந்த ‘இமாஜினேட்டர்ஸ்’தான் கன்சோல்களுக்கு வந்த கடைசி ஸ்கைலேண்டர்ஸ். மூன்று வருஷத் திட்டமென்று சொல்லித் தொடங்கிய லெகோ டைமென்ஷன்ஸ் இரண்டாவது வருஷ முடிவில், 2017-இல், நின்றுபோயிற்று.

எஞ்சியது நிண்டெண்டோவின் அமீபோ. 2014 நவம்பர் 21 அன்று அமெரிக்காவில் மாரியோ, பீச், லிங்க், பிக்காச்சு முதலிய 12 உருவங்களோடு அது அறிமுகமாயிற்று. தனிப் பீடம் என்ற சுமை அதற்கு இல்லை. வீ யூ கன்சோலின் கைக்கருவியிலேயே வாசிப்பான் அமைந்திருந்தது. ‘ஸ்மாஷ் பிரதர்ஸ்’ விளையாட்டில் அமீபோ தன் உடைமையாளரின் சண்டைப் பாணியைக் கண்டு கற்று, 50-ஆம் படிவரை வளர்ந்து, தானாகவே போரிடும். ஆனால் அதன் 540 பைட் ஞாபகத்தில் ஒரு சமயத்தில் ஒரு விளையாட்டின் சரித்திரத்துக்கே இடமுண்டு. வேறு விளையாட்டு எழுதிக்கொள்ள வேண்டுமானால் பழையதை அழித்தாகவேண்டும். என் மனம் ஸ்கைலேண்டர்ஸ் பக்கமே சாய்வதற்கு இது ஒரு காரணம்.

சேகரிப்போர் இரு வகுப்பாகப் பிரிந்ததும் அமீபோவின் காலத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. பெட்டியைப் பிரித்தால்தான் பொம்மை உயிர்பெறும். பிரிக்காதிருந்தால்தான் விலை நிற்கும். பெட்டிக்குள் இருக்கும்போதே கடையில் யாரும் வாசித்துவிடாதபடி நிண்டெண்டோ பொம்மையின் அடியில் மெல்லிய உலோகத் தகடு ஒன்றை வைத்திருந்தபடியால், இரண்டையும் ஒருங்கே அடையவும் வழியில்லை. முதல் தொகுதியின் மார்த், வில்லேஜர், வீ ஃபிட் டிரெய்னர் மூன்றும் வந்தவுடனே மறைந்துபோக, மறுவிற்பனைக்காரர்கள் பன்மடங்கு விலை கூறினார்கள். 2015 தொடக்கத்தில் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகங்களில் நேர்ந்த தேக்கமும் தட்டுப்பாட்டை வளர்த்தது. தொழிற்சாலையின் கவனக்குறைவால் இரு கைகளிலும் பீரங்கியோடு வெளிவந்துவிட்ட, ‘ஸாமஸ்’ என்ற பாத்திரத்தின் உருவம் ஒன்று ஈபே ஏலத்தில் 2,500 டாலருக்கு விலைபோயிற்று. சாதாரண ஸாமஸின் கடைவிலை 13 டாலர்.

இன்று, 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 கன்சோல் வரை நிண்டெண்டோ அமீபோவுக்கு இடமளித்து வருகிறது. அமீபோவில் உள்ள வகைச் சிப், எழுதியதைப் பத்து ஆண்டுகள் காக்கும் என்பதே அதைச் செய்யும் நிறுவனத்தின் உத்தரவாதம்; முதல் தொகுதி அக்கெடுவைக் கடந்துவிட்டபடியால், கவலையுற்ற சிலர் பொம்மையின் ஞாபகத்தைக் கணினியில் நகலெடுத்து வைக்கிறார்கள். ஸ்கைலேண்டர்ஸ் சேர்ப்பவர்களுக்கோ அதைவிடச் சில்லறையான தொல்லை ஒன்று உண்டு. வீ, பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றுக்கான முதல் பீடம் கம்பியில்லாதது. கன்சோலில் செருகும் விரலளவு ரிசீவர் ஒன்றோடு மட்டுமே அது பேசும். அந்த ரிசீவர் எளிதில் தொலைந்துபோகும். பொம்மைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்தவர்கள்கூட ரிசீவர் இல்லாத பீடத்தை வாங்கி ஏமாறுவதுண்டு.