எல்லை தாண்டி வரும் பாம்புக் குளிகைகள்

மெக்சிகோவின் சந்தைகளிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் ஒரு குளிகை விற்கப்படுகிறது. கிலுகிலுப்பை விரியனின் உடலை உலர்த்தி, இடித்து, கூட்டில் அடைத்த தூள் அது. மூட்டுவலி, தோல்நோய், புற்று எனத் தீராத நோய்களையெல்லாம் அது தீர்க்கும் என்பது அங்கே வழிவழியாக வந்த நம்பிக்கை. அமெரிக்காவில் குடியேறிய மெக்சிகோ மக்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது தங்களுக்கென வாங்கி வருவார்கள். உறவினர் கொடுத்தனுப்புவதும் உண்டு. 1980களில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார நலத்துறையினர், சால்மொனெல்லா அரிசோனே என்னும் அரிய கிருமியால் நோயுற்றவர்களை விசாரித்தபோது இந்தக் குளிகை அகப்பட்டது. 1990இல் வெளியான அவர்களுடைய ஆய்வு இன்றும் படிக்கத்தக்கது.

பாம்பின் குடலில் இயல்பாக வாழும் கிருமி அது. பாம்புக்கு அதனால் கேடில்லை. உடலை உலர்த்தி இடிக்கும்போது குடலில் இருந்ததும் தூளோடு கலந்துவிடுகிறது. கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடு காட்டப்படுவதில்லை. உலர்ந்த தூளில் சால்மொனெல்லா நெடுநாள் உயிரோடிருக்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவர் அதை விழுங்கினால் சில நாள் வயிற்றுப்போக்கோடு தப்பிவிடலாம். ஆனால் இதைத் தேடி வாங்குகிறவர் யார்? புற்றுநோயாளி, லூபஸ் நோயாளி, எதிர்ப்பாற்றல் குன்றியவர். அவர்கள் உடலில் கிருமி குடலோடு நிற்காமல் இரத்தத்தில் ஏறிவிடுகிறது. யாருக்கு நம்பிக்கை மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அவரையே இந்தக் குளிகை கடுமையாகத் தாக்குகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது. பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2017இல் கன்சாஸ் மாநிலத்து நோயாளி ஒருவரின் சால்மொனெல்லாத் தொற்றும் மெக்சிகோவில் வாங்கிய பாம்புக் குளிகையோடு தொடர்புபடுத்தப்பட்டது.

விற்பவர்கள் இன்று அறிவியலையும் துணைக்கு அழைக்கிறார்கள். பாம்பு நஞ்சிலிருந்து இரத்தக்கொதிப்பு மருந்து வரவில்லையா என்று கேட்கிறார்கள். வந்தது, அது வந்த வழியைப் பார்க்க வேண்டும். பிரேசில் நாட்டு ஜரராகா விரியன் கடித்தவருக்கு இரத்த அழுத்தம் சரியும். அந்த நஞ்சை ஆராய்ந்த ரோச்சா இ சில்வா குழுவினர் 1949இல் பிராடிகைனின் என்ற பொருளை அறிவித்தார்கள். அதன் வேலையை மிகுவிக்கும் கூறு நஞ்சிலேயே இருப்பதை செர்ஜியோ ஃபெரைரா 1965இல் காட்டினார். அந்தக் கூறுகளில் ஒன்றான டெப்ரோடைடை ஊசியாகப் போட்டால் அழுத்தம் குறைந்தது. வாய்வழி கொடுத்தால் பயனில்லை. அது புரதத் துண்டு. உணவுப் புரதத்தைச் செரிப்பதுபோலவே வயிறு அதையும் செரித்துவிடும். ஸ்குவிப் நிறுவனத்தின் ஒன்டெட்டியும் குஷ்மனும் அதன் வேலையை மட்டும் முன்மாதிரியாகக் கொண்டு, வயிற்றில் சிதையாத ஒரு சிறு மூலக்கூறை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். கேப்டோபிரில் என்ற அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1981இல் ஒப்புதல் கிடைத்தது. அந்த மாத்திரையில் பாம்பு நஞ்சு ஒரு துளியும் இல்லை. மாரடைப்புச் சிகிச்சையில் ஊசியாகச் செலுத்தும் டைரோஃபைபானும் அப்படித்தான். அதற்கு வழிகாட்டியது சுருட்டை விரியனின் நஞ்சு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நஞ்செடுக்கும் நான்கு பாம்புகளுள் அதுவும் ஒன்று.

ஆகவே, நஞ்சை வாய்வழி உட்கொண்டால் கேப்டோபிரிலின் பயன் கிட்டும் என்பதற்கு அந்த வரலாற்றிலேயே மறுப்பு இருக்கிறது. அதற்காக நஞ்சை விழுங்குவது பாதுகாப்பு என்றும் எண்ணக்கூடாது. வாயிலோ குடலிலோ புண் இருந்தால் நஞ்சு நேரே இரத்தத்தில் கலக்க வழியுண்டு. ஊசியாக ஏற்றும் நஞ்சோ வேறு வகை ஆபத்து.

ஊசி என்றதும், ஃபுளோரிடாவில் பாம்புகளிடம் நஞ்செடுத்து வந்த பில் ஹாஸ்ட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 170 தடவைக்கு மேல் பாம்புக்கடி பட்டும் நூறு வயது வரை வாழ்ந்தவர். நல்ல பாம்பு, கட்டுவிரியன் முதலியவற்றின் நஞ்சுகளைக் கலந்து அவர் செய்த மருந்தை, மயாமியில் ஒரு மருத்துவர் நரம்புறை சிதையும் நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டு வந்தார். 1979இல் தொலைக்காட்சியில் செய்தி வந்ததும் நோயாளிகள் திரண்டார்கள். முறையான சோதனை நடக்கவில்லை என்று 1980இல் அரசு அதை நிறுத்தியது. பலர் குணம் தெரிந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. அந்த நோய் தானாகவே தணிந்து மீண்டும் மூளும் இயல்புடையது. தணிந்த வேளையில் கையில் இருந்த மருந்துக்கே பெயர் போய்விடும். முடக்குவாதமும் காளாஞ்சகப்படையும் இதே இயல்புடையவை. பாம்பு மருந்து விற்பவர்கள் இந்த நோய்களையே நாடுவது இதனால்தான்.

சில குளிகைகள் உண்மையிலேயே வலியைக் குறைக்கலாம். அப்போது இன்னும் கவனம் வேண்டும். 2022இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஆர்ட்ரி கிங் என்ற மூட்டுவலி மாத்திரையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற மருந்தும் மறைத்துச் சேர்க்கப்பட்டிருப்பதாக எச்சரித்தது. அது பாம்பு மருந்தன்று. ஆனால் சோதனையின்றி விற்கப்படும் எந்தக் குளிகையிலும் இது நடக்கலாம். ஸ்டீராய்டு எனத் தெரியாமலே பல மாதம் உண்டவருக்குச் சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பாம்புக் குளிகைகள் பாங்காக்கிலும் விற்கப்படுகின்றன; நம் மக்கள் இன்று அந்நகருக்கு அடிக்கடி போகிறார்கள். அங்கே தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் 1923இல் தொடங்கிய பாம்புப் பண்ணை இருக்கிறது. கடிபட்டவர் உயிரைக் காக்கும் நச்சுமுறிவு மருந்துக்காக நஞ்செடுக்கும் இடம் அது. பாம்புப் பண்ணை என்று பலகை மாட்டிக் குளிகை விற்கும் இடங்களை அதனோடு சேர்த்து எண்ணாதீர்கள். நாகப் பாம்புகள் பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. அவற்றால் செய்த பொருளை உரிய அனுமதியின்றிக் கொண்டுவருவது குற்றமுமாகும்.

வீட்டில் ஏற்கெனவே இத்தகைய குளிகை இருந்தால், பெட்டியோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எங்கே வாங்கியது, எத்தனை நாளாக உண்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்றே போங்கள். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நோயாளியைக் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். கடிந்தால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார்.