பதினொன்றாம் எண்: பம்பாய்ச் சித்திரக் கதையில் வாசகன் நுழைந்த வழி

பம்பாய்ப் படக்கதை வரிசையான அமர் சித்ர கதாவின் தோற்றத்தை எழுதுவோர் 1967 பிப்ரவரியில் டெல்லித் தொலைக்காட்சியில் வந்த வினாடி வினாவிலிருந்தே தொடங்குகிறார்கள். கிரேக்கக் கடவுளரைப் பற்றிக் கேட்டபோது விடை சொன்ன மாணவர்கள், ராமனின் தாய் யார் என்றதும் விழித்தார்கள். அதைப் பார்த்த அனந்த் பை நம் கதைகளைப் படக்கதையாக்க முடிவு செய்தார். இது பை தாமே பலமுறை சொன்னது. நிகழ்ச்சி நடந்ததை நான் ஐயுறவில்லை. அதை முதற்காரணமாக நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

பம்பாய் மாட்டுங்காவில் வேதியியல் தொழில்நுட்பம் படித்தவர் பை. 1954இல், இருபத்தைந்து வயதளவில், ‘மானவ்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கிக் கைவிட்டார். பின்னர் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தில் பணியாற்றினார். அந்நிறுவனம் 1964இல் வேதாளன் கதைகளோடு இந்திரஜால் காமிக்ஸைக் கொண்டுவந்தபோது அந்த வேலையில் அவருக்கும் பங்கு இருந்தது. ஆக, தோற்றுப்போன ஓர் இதழும் விற்பனையில் வென்ற ஒரு வரிசையும் வினாடி வினாவுக்கு முன்பே அவர் அனுபவத்தில் சேர்ந்துவிட்டன.

இதைவிட வலுவான சான்று அட்டையிலேயே இருக்கிறது. ஆங்கில வரிசையின் முதல் நூலான ‘கிருஷ்ணா’ தாங்கி வந்த எண் 11. முன்னே வந்த பத்தும் மேற்கத்திய தேவதைக் கதைகள். அவை 1965இல் பெங்களூரில் கன்னடத்தில் தொடங்கப்பட்டவை, தொடங்கியவன் நானே என்று உரிமை கோரினார் ஜி.கே. அனந்தராம். அதுவும் சொந்த அக்கறை கொண்டவரின் வாக்குமூலம்தான். பையின் கூற்றைச் சலிக்கும் அதே சல்லடையில் இதையும் போடவேண்டும். ‘கிருஷ்ணா’வின் ஆண்டும் தெளிவாக இல்லை: அமர் சித்ர கதா நிறுவனம் தன் தொடக்கத்தை 1967 என்கிறது, ஆய்வு நூல்களில் இந்நூலுக்கு 1969 என்ற ஆண்டும் காணப்படுகிறது. எந்த ஆண்டைக் கொண்டாலும் எண் மாறவில்லை. ஒன்று என்று புதிதாக எண்ணத் தொடங்காத வரிசையைத் திடீர் ஞானோதயத்தின் விளைவு என்று எப்படிச் சொல்வது? பொருள் புராணமானதற்கு வினாடி வினா காரணமாயிருக்கலாம். வரிசையோ அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவு வாதம் எதற்கு என்றால், அந்த வினாடி வினாக் கதை சிறுவனை விடை தெரியாதவனாக மட்டுமே காட்டுகிறது. பெரியவர் தருவார், அவன் பெறுவான். மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதையின் மரபு இதற்கு நேர்மாறு. 1947 முதல் 1955 வரை வந்த ‘மங்கா ஷோனென்’ இதழ் வாசகர்கள் வரைந்து அனுப்பியதை வெளியிட்டது; ஷோதாரோ இஷினோமோரி பள்ளி மாணவராக இருக்கும்போதே அதில் நுழைந்தார். சுகுமி ஓபா எழுதி தகேஷி ஒபாடா வரைந்த ‘பாகுமன்’ (2008–2012) அந்த மரபைத்தான் கதையாக்கியது. எழுத ஒருவன், வரைய ஒருவன். இரு பள்ளி மாணவர்கள் கையெழுத்துப் படியோடு பதிப்பகத்துக்கே போய் ஆசிரியர் முன் உட்கார்கிறார்கள்.

பம்பாயில் அதற்கு மிக அருகில் வந்தது 1980இல் பை தொடங்கிய ‘டிங்கிள்’ சிறுவர் இதழ். அது வாசகர்களிடம் கதை கேட்டது. 1983இல் வெளிவரத் தொடங்கிய, அசட்டு வேலைக்காரன் சுப்பாண்டியின் படக்கதைகளுக்கு மூலம் திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய கதைகள். ‘தமிழ் நாட்டுப்புறக் கதை’ என்று அவற்றை வகைப்படுத்திவிட்டால் அனுப்பியவர் வெறும் தபால்காரர் ஆகிவிடுகிறார். கேட்டதை எழுதினாரா, தாமே கூட்டிச் சேர்த்தாரா என்று பிரித்தறிய வழியில்லை. ஆனால் எத்தனையோ அசட்டு வேலைக்காரன் கதைகளிலிருந்து தேர்ந்து எழுதி அனுப்பியது ஒரு படைப்பாளியின் வேலை என்றே நான் கொள்வேன்.

அந்தக் கதவு பாதிதான் திறந்தது. கதைக்கு இடமிருந்தது, கோட்டுக்கு இல்லை. சுப்பாண்டிக்கு முகம் கொடுத்தவர், ‘கிருஷ்ணா’வையும் வரைந்த ராம் வயீர்கர். பம்பாயின் ஆண்டாப் ஹில் அரசு ஊழியர் குடியிருப்பில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த தமிழ்ப் பையனுக்கு டிங்கிள் அலுவலகம் ஒரு பஸ் பயணம்தான். ஆனால் படங்களோடு போனால் உட்காரவைத்துத் திருத்திக் கொடுக்கும் வழக்கம் அங்கே வளரவில்லை. 2003இல் வயீர்கர் மறைந்தார். சுப்பாண்டியை வரையும் பணி அவர் மகள் அர்ச்சனா அம்பேர்கரிடம் வந்தது.

இங்கே வாரிசு, அங்கே திறந்த கதவு என்று எளிதாகப் பிரித்துவிடவும் முடியாது. பாகுமனின் ஓவியன் மஷிரோவுக்கு வேலைக்கூடம் கிடைத்ததே மங்கா வரைந்து மாண்டுபோன சித்தப்பாவிடமிருந்துதான். ஆனால் அதன் சாவி கைக்கு வந்தபிறகும் அவன் ஆசிரியரைத் தாண்ட வேண்டியிருந்தது, வாரந்தோறும் வாசகர் வாக்கெடுப்பையும்.