அக்லி ஸ்டிக்கா, ஷிமானோவா: முருங்கனுக்கு எந்தத் தடி?

முருங்கன்காரருக்கு மீன்பிடிக்க இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. ஒரு பக்கம் கட்டுக்கரைக்குளமும் அதன் நீரில் வாழும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுகுளங்களும். மறுபக்கம் வங்காலையிலிருந்து அரிப்பு, சிலாவத்துறை என்று இறங்கும் மன்னார் வளைகுடாக் கரை. குளத்தில் விரால்; கடலோரத்தில் பாரை, சீலா, கட்டா; அருவியாறு கடலில் விழும் இடத்தில் கொடுவா. மோட்டார்சைக்கிளில் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஆனால் ஸ்பின்னிங் தடி வாங்கப் போகும் பலருடைய கையில் ஒரு தடிக்குத்தான் காசு இருக்கும். எதை வாங்குவது என்ற கேள்வி அதனால்தான் இங்கே கொழும்பை விடக் கூர்மையாகிறது.

எதிரெதிரே வைக்க இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அமெரிக்காவின் அக்லி ஸ்டிக். மற்றது ஜப்பானின் ஷிமானோ. ஜப்பானிலேயே ஷிமானோவுக்கு டைவா என்ற போட்டியாளர் உண்டு. ஆனால் அந்த இரண்டையும் ஒப்பிட்டால் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக ஓடும் இருவரைத்தான் பார்ப்போம். அக்லி ஸ்டிக் போவது வேறு பாதை.

அக்லி ஸ்டிக்கை விற்கும் நிறுவனத்தின் பெயர் ஷேக்ஸ்பியர். நாடகாசிரியருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் 1897இல் இதைத் தொடங்கியவருக்கும் வில்லியம் ஷேக்ஸ்பியர் என்றே பெயர், அவ்வளவுதான். 1940களில் ஆர்தர் ஹோவால்ட் என்பவர் உருவாக்கிய முறையில் அந்த நிறுவனம் கண்ணாடி இழைத் தூண்டில் தடி செய்தது. மூங்கில் தடியின் காலம் அதோடு முடிந்தது. 1970களில் கார்பன் தடி வந்து கண்ணாடியைப் பின்னுக்குத் தள்ளியபோது, ஷேக்ஸ்பியர் கண்ணாடியைக் கைவிடாமல் உள்ளே கார்பன், வெளியே கண்ணாடி என்று கலந்து 1976இல் அக்லி ஸ்டிக்கை இறக்கியது. ஒளி ஊடுருவும் அதன் நுனி இன்றைக்கும் உள்ளே துளையில்லாத முழுக் கண்ணாடி இழைதான்.

ஷிமானோவின் கதை ஒசாக்காவுக்குத் தெற்கே சக்காய் நகரில், 1921இல், ஓர் இரும்புப் பட்டறையில் தொடங்குகிறது. முதலில் செய்தது சைக்கிளின் பின்சில்லுப் பல்சக்கரம். மீன்பிடிக் கருவிகளுக்குத் தனிப் பிரிவு 1970இல்தான் வந்தது. இன்றும் உலகம் ஷிமானோவைச் சைக்கிள் கியரால்தான் அதிகம் அறியும். தடிகளில் அதன் பலம் கார்பன். எறியும்போது தடி வளைவது மட்டுமல்ல, கொஞ்சம் முறுக்கவும் செய்கிறது. அந்த முறுக்கில் குறி தவறும், தூரமும் குறையும். ஸோடியாஸ் போன்ற வரிசைகளில் தடியின் மேல் கார்பன் நாடாவைக் குறுக்குமறுக்காகச் சுற்றி முறுக்கைக் கட்டுப்படுத்துகிறார்கள். டைவாவும் 45 பாகைச் சாய்வில் கார்பனைச் சுற்றி இதையே செய்கிறது.

இரண்டு பொருட்களின் குணமும் எண்ணில் தெளிவாகத் தெரியும். கண்ணாடி இழையின் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல். தடிகளில் வழக்கமாக வரும் கார்பன் இழைக்கு அது 230இல் தொடங்குகிறது. கார்பன் எடையிலும் குறைவு: தண்ணீரைப் போல் 1.8 மடங்குக் கனம், கண்ணாடியோ இரண்டரை மடங்கு. ஆக, ஒரே எடைக்குக் கார்பன் ஏறத்தாழ நாலரை மடங்கு விறைப்பானது. எறிந்தவுடன் சட்டென்று நிமிர்வதும், அடியில் கல்லை உரசும் இரையின் அதிர்வைக் கை வரை கொண்டுவருவதும் இதனால்தான். ஆனால் இழுவிசையில் அந்த இழை ஒன்றரை சதவீதம் நீண்டதும் அறுந்துவிடும். கண்ணாடி இழை நாலு சதவீதத்துக்கு மேலும் தாங்கும். அக்லி ஸ்டிக் வில்லாய் வளைந்தும் முறியாமல் இருப்பதன் இரகசியம் இதைத் தவிர வேறில்லை.

இப்போது குளக்கட்டுக்கு வருவோம். கோடையில் நீர் இறங்கி ஆம்பலும் தாமரையும் அடர்ந்த சிறுகுளத்தில் விரால் இரையை அடித்தால், அது செய்யும் முதல் வேலை வேருக்குள் நுழைவது. மென்மையாக விளையாட்டுக் காட்ட அங்கே நேரமில்லை. தடித்த பின்னல் நூலைப் போட்டு உடனே இழுக்க வேண்டும். இழுத்த மீனைக் கட்டின் கற்கள் மேலே ஏற்ற வலை கையில் இருக்காது. தடியை நேராக நிமிர்த்தித் தூக்குவார்கள். நுனி தன்மேலேயே மடங்கும் அந்த ஒரு நொடியில்தான் கார்பன் தடிகள் போகின்றன. தடியைத் தாழ்த்தி, நூலைக் கையால் பிடித்து ஏற்றுவதுதான் சரியான முறை. ஆனால் இரண்டு கிலோ விரால் துள்ளும்போது சரியான முறை யாருக்கு நினைவில் நிற்கும்? குளத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை: அக்லி ஸ்டிக். (பார்ப்போடு திரியும் விராலுக்கு மட்டும் எறியாதீர்கள். அது பசியால் அடிப்பதில்லை, குஞ்சைக் காக்க அடிக்கிறது. தாய்மீன் போனால் அந்தக் கூட்டமே போய்விடும். கட்டுக்கரைக்குளம் சரணாலயம் என்பதால் அங்கே இறங்கு முன் அனுமதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

அரிப்புக் கரையில் நிலைமை தலைகீழ். கடற்கரை மேற்கு நோக்கியது. சோளகக் காலத்தில் காற்று முகத்துக்கு நேரே வரும். இருபது கிராம் உலோக இரையை அந்தக் காற்றுக்குள் செலுத்த வேண்டும். கரையோரம் ஆழமில்லை, பாரைக் கூட்டம் எட்டத்தில் போகும். கண்ணாடி கலந்த தடி இங்கே சோம்பலாய் வளைந்து சோம்பலாய் நிமிர்கிறது. இரை காற்றில் தூக்கி விழுகிறது. கார்பன் தடி அதே இரையைக் கூடுதல் தூரம் கொண்டுபோகும். எடை இன்னொரு காரணம். நூறு தடவை எறிந்து இழுத்த பிறகு மணிக்கட்டு எந்தத் தடியைக் கேட்கிறது என்பதில் சந்தேகமே வராது. ஆனால் வாடைக் காலத்தில் காற்று முதுகுப் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த மாதங்களில் எந்தத் தடியும் தூரம் போகும், ஷிமானோவின் மேன்மையும் பாதியாய்க் குறைந்துவிடும். இறால் கோத்து, ஈயம் கட்டி, எறிந்துவிட்டுக் காத்திருப்பவருக்கோ அது எந்தக் காலத்திலும் தேவையில்லை.

கடைகளில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்று வளையங்கள். நூல் ஓடும் வளையத்தின் உள்ளே பீங்கான் பதித்திருப்பது ஜப்பானிய வழக்கம். ஸோடியாஸில் பூஜி நிறுவனத்தின் ஆல்கோனைட் வளையங்கள் இருக்கின்றன. பின்னல் நூல் அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் மோட்டார்சைக்கிளில் அடிபட்டுப் பீங்கானில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அது கத்தியாகி நூலை அறுக்கும். அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2இல் வளையம் முழுவதும் ஒரே துருப்பிடியா எஃகு. கழன்று விழப் பீங்கான் கிடையாது. எஃகிலும் வருடக்கணக்கில் பின்னல் நூல் ஓடினால் தடம் விழலாம். எந்தத் தடியானாலும் கொஞ்சம் பஞ்சை வளையத்துக்குள் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழைவிட்டுச் சிக்கினால் வளையத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பெயரை மட்டும் நம்பி வாங்குபவர் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஷிமானோ என்று எழுதியிருந்தாலே கார்பன் ஆகிவிடாது. அதன் மலிவு வரிசையான எஃப்எக்ஸ், கண்ணாடி இழைத் தடிதான். மலிவு ஷிமானோவை வாங்கிவிட்டு ‘கார்பன் கனமாக இருக்கிறதே’ என்று சொல்வதில் பொருளில்லை. விலை வேறுபாடும் சிறியதல்ல: அமெரிக்கச் சந்தையில் ஜிஎக்ஸ்2 ஏறத்தாழ 50 டொலர், ஸோடியாஸ் அதைப் போல் நாலு மடங்கு. பெயர் மட்டும் ஒட்டிய போலிகளும் சந்தையில் திரிகின்றன. பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படியுங்கள். நூலின் தாங்குதிறன் இறாத்தலிலும் இரையின் எடை அவுன்ஸிலும் இருக்கும். ஓர் அவுன்ஸ் 28 கிராம். எட்டில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஐந்து பங்கு அவுன்ஸ் வரை என்றிருந்தால் அது மூன்றரை முதல் பதினெட்டுக் கிராம் வரை எறியும் தடி. அதில் அறுபது கிராம் ஈயத்தைக் கட்டி எறிந்து உடைத்தால் பழி தடியுடையதல்ல.

ஏ14 வீதியில் பஸ்ஸிலோ மோட்டார்சைக்கிளிலோ கொண்டுபோகிற தடி இரண்டு துண்டாகத்தான் இருக்க வேண்டும். ஏழு அடித் தடி பிரித்தால் மூன்றரை அடி. ஒரு பிவிசி குழாய்க்குள் அடங்கும். கார்பன் தடிக்கு அந்தக் குழாய் கட்டாயம். அதன் சுவர் மெல்லியது, ஈயக்குண்டு ஒன்று பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து அடுத்த பெரிய மீனில் முறியும். மூட்டில் மணல் ஏறாமல் துடைத்து மெழுகுதிரியைத் தேய்த்து வையுங்கள். கடலில் பிடித்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இது இரண்டு தடிக்கும் பொது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்கம்பிக்குக் கீழேயும் இடிமழையிலும் அதைத் தூக்கிப் பிடிக்கவே கூடாது. அக்லி ஸ்டிக்கின் உள்ளேயும் கார்பன் உண்டு, ஆகவே அதற்கும் இதே எச்சரிக்கை.

தீர்ப்பு இதுதான். முருங்கனில் இருந்துகொண்டு ஒரே ஒரு தடி வாங்குபவர் ஏழு அடி, நடுத்தர வலு, இரண்டு துண்டு அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 வாங்கட்டும். மிச்சக் காசை உப்புத் தாங்கும் நல்ல றீலுக்குப் போடட்டும். விராலை விட்டுவிட்டுச் சோளகத்திலும் அரிப்புக் கரையில் நின்று செயற்கை இரை எறிவதே வேலை என்று இருப்பவர் மட்டும் ஷிமானோவின் கார்பன் தடிக்குக் காசு சேர்க்கலாம்.