நாட்பட்ட சிறுநீரக நோயில் நிலக்கடலை உணவு

நாட்பட்ட சிறுநீரக நோய் என்பது சிறுநீரகத்தின் அமைப்பிலோ செயற்பாட்டிலோ ஏற்படும் குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நிலையாகும். இந்நோயுள்ளவர்கள் நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளை உண்ணும்போது அவற்றிலுள்ள புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ், உப்பு ஆகியவற்றின் அளவைக் கருத்தில் கொள்ள வேண்டும். தாவரவியல் முறைப்படி நிலக்கடலை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது; உணவு வழக்கில் கொட்டையாகக் கருதப்படுகிறது.

திருவண்ணாமலை வட்டாரம்

1989 ஆம் ஆண்டு வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலக்கடலை முக்கியப் பயிர்களுள் ஒன்று. இங்கு இது மல்லாட்டை, மணிலா எனவும் வழங்கப்படுகிறது. அவித்தும் வறுத்தும், சட்னியாகவும் கடலை மிட்டாயாகவும் உண்ணப்படுகிறது.

சத்துகள் (100 கிராமில், தோராயமாக)

* நிலக்கடலை (பச்சை): புரதம் 26 கி, பொட்டாசியம் 705 மிகி, பாஸ்பரஸ் 376 மிகி
* பாதாம்: புரதம் 21 கி, பொட்டாசியம் 733 மிகி, பாஸ்பரஸ் 481 மிகி
* முந்திரி: புரதம் 18 கி, பொட்டாசியம் 660 மிகி, பாஸ்பரஸ் 593 மிகி

ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையில் சுமார் 8 கிராம் புரதமும் 210 மில்லிகிராம் பொட்டாசியமும் உள்ளன.

சிறுநீரகத்துடன் தொடர்பு

* பொட்டாசியம்: சிறுநீரகம் இதனை வெளியேற்ற இயலாதபோது இரத்தத்தில் அளவு உயர்ந்து, இதயத் துடிப்பின் சீர் கெடலாம், உயிருக்கும் ஆபத்து நேரலாம்.
* பாஸ்பரஸ்: இரத்தத்தில் மிகுந்தால் எலும்புகள் வலுவிழக்கும், இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும். கொட்டைகளில் இது பெரும்பாலும் பைட்டிக் அமில வடிவில் உள்ளது. மனிதக் குடலில் இதைச் சிதைக்கும் நொதி மிகக் குறைவு என்பதால் ஒரு பகுதியே உறிஞ்சப்படுகிறது. பதப்படுத்திய உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ பெருமளவு உறிஞ்சப்படுகின்றன.
* புரதம்: நோயின் 3 முதல் 5 வரையான நிலைகளில், டயாலிசிஸ் செய்யாதவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் பரிந்துரைக்கப்படுகிறது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இது 1.0 முதல் 1.2 கிராம். எனவே 60 கிலோ எடையுள்ளவரின் தேவை முறையே 48 கிராம், 60 முதல் 72 கிராம் ஆகும்.

இதனால் டயாலிசிஸ் செய்பவருக்கு நிலக்கடலையின் புரதம் பயன்தரினும், அதன் பொட்டாசியம் தடையாகலாம்.

உண்ணும் முறை

நிலக்கடலையை அவித்து நீரை வடிக்கும்போது பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீரோடு வெளியேறுகிறது. ஆனால் உப்பிட்டு அவித்தால் சோடியம் மிகும். இது இரத்த அழுத்தத்தையும் உடலில் நீர் தேங்குவதையும் கூட்டும். சோடியம் குறைந்த மாற்று உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால் அவை பாதுகாப்பான மாற்று ஆகா. கடலை மிட்டாயில் சேரும் வெல்லத்திலும் பொட்டாசியம் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் அதன் இனிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நிலக்கடலை வெண்ணெய் என்பது வறுத்த கடலையை அரைத்த பசையாகும். இரண்டு மேசைக்கரண்டியில் சுமார் 7 கிராம் புரதம் உண்டு. கடையில் வாங்கும்போது உப்பு, சர்க்கரை ஆகியவற்றின் அளவை உறையில் பார்த்தல் நன்று. பாதாமிலும் முந்திரியிலும் ஆக்சலேட்டு மிகுதி. ஆக்சலேட்டுக் கற்கள் உள்ளவர்கள் இவற்றைக் குறைத்து உண்ண அறிவுறுத்தப்படுகின்றனர்.

கட்டுப்பாடு யாருக்கு?

நோயுள்ள அனைவரும் கொட்டைகளைத் தவிர்க்க வேண்டியதில்லை. தொடக்க நிலையில், இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் பாஸ்பரசும் சரியான அளவில் இருப்பின், உப்பிடாத கொட்டைகளை அளவோடு உண்ணலாம். அளவு உயர்ந்திருப்பின், உண்ணும் அளவை மருத்துவரும் உணவியல் வல்லுநரும் பரிசோதனை முடிவுகளைக் கொண்டு வகுப்பர்.

இவற்றையும் பார்க்க

* நிலக்கடலை
* டயாலிசிஸ்
* திருவண்ணாமலை மாவட்டம்