செருப்புத் தைக்கிற வேலையா, சேர்?



இந்தத் தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு கைப்பணி வேலை கொடுத்திருந்தேன். வீட்டில் இருந்து, மெஷின் இல்லாமல், கையால் ஒரு தோல் பெல்ட் செய்து கொண்டுவர வேண்டும். வசதியில்லாத பிள்ளைகளுக்குத் தோலை நானே எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் கிழமை ஒரு தகப்பன் பாடசாலை வாசலில் என்னை நிறுத்தினார். கோபமாகக் கதைக்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்: "மகன டொக்டராக்கத்தான் சேர் ஸ்கூலுக்கு அனுப்புறன். செருப்புத் தைக்கிற வேலையா படிச்சுக் குடுக்கிறீங்க?"

வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் கேட்டது நம் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிற பேச்சுத்தான். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நம்முடைய வரலாற்றில் தோல் வேலைக்கு இருந்த இடமே வேறு.

மக்காவை "வர்த்தக நகரம்" என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து விடுகிறோம். அவர்கள் எதை விற்றார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டால் வாசனைத் திரவியம் என்பார்கள். பழைய சீறா நூல்களில் கண்ணில் படுவது தோல். முதல் முஸ்லிம்களில் சிலர் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போனபோது அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கக் குறைஷியர் இரண்டு பேரை அனுப்பினார்கள். மன்னர் நஜாஷிக்கு என்ன அன்பளிப்புக் கொண்டு போனார்கள் தெரியுமா? பதனிட்ட தோல். மக்காவில் இருந்து வரும் பொருட்களில் நஜாஷி அதிகம் விரும்பியது அதுதான் என்று உம்மு ஸலமா (ரழி) அவர்களின் அறிவிப்பிலேயே இருக்கிறது. பக்கத்தில் இருந்த தாயிஃப், தோல் பதனிடுவதற்கே பெயர் பெற்ற ஊர். குறைஷியரின் தோல் ரோமப் படைக்குப் போயிருக்கலாம் என்று பட்ரீஷியா குரோன் என்ற வரலாற்று ஆய்வாளர் 2007இல் ஒரு கட்டுரையே எழுதினார். அவர் அதை ஒரு கருதுகோளாகத்தான் முன்வைத்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு படைக்குத் தோல் இல்லாமல் என்ன ஓடும்? கூடாரம், சேணம், தண்ணீர்ப் பை, செருப்பு, வாள் தொங்கும் பெல்ட், எல்லாம் தோல்.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். காயவைத்தால் பலகை மாதிரி விறைக்கும். அதைப் பாவிக்கக்கூடிய தோலாக மாற்றுவது மரத்தில் இருக்கும் துவர்ப்பு. சாயம் கூடிய பிளேன்டீ குடித்தால் நாக்கைப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்புத்தான். அது தோலின் நார்களோடு பிணைந்து அழுகலைத் தடுத்து விடும். அரபிகள் இதற்குப் பாவித்தது கரழ் என்ற மரத்தின் காயும் இலையும். நம் மொழியில் அது கருவேலம். செத்துக் கிடந்த ஓர் ஆட்டைப் பார்த்து, அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பாவித்திருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட ஹதீஸ் நமக்குத் தெரியும். தண்ணீரும் கரழும் தோலைச் சுத்தமாக்கும் என்றும் ஹதீஸில் வருகிறது. பதனிடும் வேலையை அறிந்த சமூகத்தின் பேச்சு அது.

வேலையை யார் செய்தார்கள் என்பதுதான் முக்கியம். உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் சொல்வது இது: கைவேலை தெரிந்த பெண், தோல் பதனிடுவார், தோல் தைப்பார், அதில் வருவதை ஸதகா செய்வார். குறைஷியரின் உறவுக்காரி, நபியின் மனைவி, வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் ஒன்றும் இருக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தன் மனைவியரிடம், உங்களில் நீண்ட கை உள்ளவர்தான் எனக்குப் பின் முதலில் என்னிடம் வந்து சேருவார் என்ற கருத்தில் ஒரு முறை சொன்னார்கள். மனைவியர் கைகளை அளந்து பார்த்தார்கள். ஹிஜ்ரி 20இல் முதலில் வஃபாத்தானவர் ஸைனப் (ரழி). அப்போதுதான் ஆயிஷா (ரழி) அவர்களுக்கு விளங்கியது, நீண்ட கை என்பது கையால் உழைத்துக் கொடுத்த கை என்று. அந்தக் கை பிடித்திருந்தது தோல் தைக்கிற ஊசியை. இந்த ஹதீஸை எத்தனையோ பயானில் கேட்டிருக்கிறேன். ஊசியைப் பற்றி ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களும் அப்படித்தான். ஹிஜ்ரி 8இல் மூத்தா யுத்தத்தில் கணவர் ஜஃபர் (ரழி) ஷஹீதான செய்தி வீட்டுக்கு வந்த நாளில், அவர் தோல் பதனிடும் வேலையை முடித்துவிட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி வைத்திருந்தார். வீட்டு முற்றத்து வேலை அது. தொழிற்சாலை ஒன்றும் இல்லை.

பின்னால் வந்த பெரியவர்களின் பெயர்களைப் பாருங்கள். பக்தாதின் சூஃபி அபூ ஸயீத் அல்-கர்ராஸ்: கர்ராஸ் என்றால் தோல் தைப்பவர். கிதாபுல் லுமஃ எழுதிய அபூ நஸ்ர் அஸ்-ஸர்ராஜ்: ஸர்ராஜ் என்றால் சேணம் செய்பவர். வக்ஃப் சட்டத்துக்கு அடிப்படை நூல்களில் ஒன்றை எழுதிய ஹனஃபி அறிஞர் அல்-கஸ்ஸாஃப், நம் தகப்பன் கேட்ட அதே செருப்புத் தைக்கிற வேலையைச் செய்து அந்தக் கூலியில் சாப்பிட்டவர். இன்று வக்ஃப் சொத்து வழக்கு என்று நாம் அலைகிற விஷயத்துக்குச் சட்டம் எழுதிய கை அது.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லவும் மாட்டேன். திருமணப் பொருத்தம் பற்றி எழுதிய ஃபிக்ஹ் நூல்களில் நெசவாளரையும் இரத்தம் குத்தி எடுப்பவரையும் தோல் பதனிடுபவரையும் தாழ்ந்த தொழில் வரிசையில் வைத்த இமாம்களும் உண்டு. பதனிடும் இடத்தின் நாற்றம் அப்படிப்பட்டது. மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் ஷுவாரா என்ற பழைய இடம் இன்றும் இயங்குகிறது. வட்ட வட்டமான கல் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்து தோலை ஊறவைக்கிறார்கள். பார்க்க வருபவர்களுக்கு மூக்கில் பிடிக்கப் புதினா இலை கொடுப்பார்களாம். ஆனாலும் அந்த ஊர்த் தோலால்தான் குர்ஆன் பிரதிகளுக்கு அட்டை கட்டினார்கள். ஐரோப்பாவில் நல்ல ஆட்டுத் தோலுக்கு இன்றும் மொரோக்கோ என்றுதான் பெயர், ஸ்பெயினின் குர்துபாவில் இருந்து போன தோலுக்குக் கோர்டோவன் என்று பெயர்.

நம் பக்கத்துக்கு வருவோம். சலரோகத்துக்கு நல்லது என்று ரணவரா குடிக்கிறோம் இல்லையா, அந்த ஆவாரம் பூ. அதே செடியின் பட்டைதான் தென்னிந்தியாவில் தோல் பதனிடும் சரக்கு. ஆங்கிலத்தில் அந்தச் செடியின் பெயரே பதனிடுபவரின் செடி என்று பொருள்படும். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், திருச்சி என்று 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த தோல் மண்டிகள் பல முஸ்லிம் வியாபாரிகளுடையவை. பாதி பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்தால் லண்டன் போனது. முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியச் சிப்பாய்களின் சப்பாத்துக்கு மேல்தோல் அங்கிருந்துதான் போனது. 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பால் பதனிடும் முறையைப் பரிசோதித்தார். கிணற்றில் இருந்து மாடு கட்டி இறைக்கும் கவலைத் தோல் சீக்கிரம் அழுகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். சென்னையில் குரோம்பேட்டை என்று ஒரு ஊர் இருப்பதே இந்தத் தோலால்தான்.

ஆனால் இதே தமிழ் மண்ணில் செத்த மாட்டைத் தூக்குவதும் தோலைத் தொடுவதும் சில குடும்பங்களின் தலையில் சாதியாகக் கட்டப்பட்டது. அவர்களை ஊருக்கு வெளியே வைத்தார்கள். "செருப்புத் தைக்கிறவன்" என்பது வசைச் சொல்லானது அந்த வழக்கத்தில். நாம் சாதி பார்ப்பதில்லை என்று மேடையில் சொல்கிறோம், அந்தச் சொல்லை மட்டும் வீட்டில் வைத்திருக்கிறோம். தோலில் காசு பார்த்த நம் வியாபாரிகளுக்கும் தோல் சரக்காக இருந்ததே தவிர, கைவேலையாக வீட்டுக்கு வரவில்லை. இன்று ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாத் தோலை என்ன செய்வதென்று தெரியாமல் குழி தோண்டிப் புதைக்கிறோம். சுன்னத்தான உழ்ஹிய்யாவின் தோலை விற்று நாம் காசு எடுக்கக் கூடாது, அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்கவும் கூடாது. ஸதகாவாகக் கொடுக்கலாம், நம் வீட்டுப் பாவனைக்கும் எடுக்கலாம். பாவிக்கத் தெரிந்த கை இல்லாத ஊரில் அந்த அனுமதியை வைத்து என்ன செய்வது?

இனி பெல்ட். களிசானுக்குப் பெல்ட் கட்டுவது பழைய வழக்கம் என்று நினைக்க வேண்டாம். முதலாம் உலக யுத்தத்துக்கு முன் வெள்ளைக்காரர் தோளில் பட்டி மாட்டித்தான் களிசானைத் தூக்கினார்கள். லீவைஸ் ஜீன்ஸில் பெல்ட் கொழுவும் வளையம் வந்ததே 1922இல். அதற்கு முன் பெல்ட் சிப்பாயின் சாமான். 1858இல் இந்தியாவில் இடது கையை இழந்த சாமுவேல் பிரவுன் என்ற அதிகாரி ஒற்றைக் கையால் வாள் உருவ வசதியாகத் தோளுக்குக் குறுக்கே ஒரு வாரும் சேர்த்துக் கட்டினார். படை அதிகாரிகள் இன்றும் அணியும் குறுக்கு வார் அதுதான். நம் மூத்தாப்பாமார் சாரனுக்கு மேல் கட்டிய நாலு விரல் அகலப் பட்டி வேறு விஷயம். அதில் காசுப் பையும் இருக்கும், சந்தைக்குப் போகும் வியாபாரிக்கு அதுதான் பேங்க்.

பிள்ளைகள் செய்வதை வீட்டில் பார்க்கும் பெற்றோருக்காக முறையையும் எழுதுகிறேன்.

தோல் மரப்பட்டையில் பதனிட்டதாக இருக்க வேண்டும், மூன்றரை முதல் நாலு மில்லிமீற்றர் தடிப்பு. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உள்ளேயும் மண்ணிறமாக இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் கறுத்தால் சரி. விளிம்பு நீலச் சாம்பலாகத் தெரிந்தால் அநேகமாகக் குரோம் தோல். பைக்கு நல்லது, பெல்ட்டுக்கு இழுபடும். கடையில் மலிவாக வாங்கி ஒரு வருடத்தில் தோலுரிகிற பெல்ட் பெரும்பாலும் தோல் தூளைப் பசையில் குழைத்து அழுத்தியது. அதை வைத்துப் படிக்க முடியாது.

அளவுக்கு இடுப்பை அளக்க வேண்டாம். பழைய பெல்ட்டில் பக்கிள் தண்டில் இருந்து வழக்கமாகப் போடும் துளை வரை அளந்து, அதோடு 9 அங்குலம் கூட்டுங்கள். 3 அங்குலம் பக்கிளில் மடிக்க, மிச்சம் துளைக்கும் வாலுக்கும். அகலம் ஒன்றரை அங்குலம். நேரான இரும்பு அடிமட்டம் வைத்து, புதிய பிளேட்டால், ஒரே இழுப்பில் அல்லாமல் இரண்டு மூன்று தடவையாக வெட்ட வேண்டும். மடிக்கிற இடத்தின் உட்பக்கத்தைப் பாதித் தடிப்புக்குச் சீவி, மடிப்பின் நடுவில் பக்கிள் நாக்குக்கு ஓர் அங்குல நீளத் துளை விடுங்கள்.

தையல்தான் இந்த வேலையின் உயிர். தேன்மெழுகு பூசிய ஒரே நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. குத்தூசியால் நாலு மில்லிமீற்றருக்கு ஒரு துளை போட்டு, ஒவ்வொரு துளையாலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக விட்டு இழுக்க வேண்டும். சேணக்காரரின் தையல் இது. மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றதும் கழன்று வரப் பார்க்கும். இதில் ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் பிள்ளைகளின் விரல் சிவக்கும், பயப்பட வேண்டாம். குத்தூசியைப் பிடிக்கும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள்.

விளிம்பை அரத்தாளால் உரசி, இலேசாக நனைத்து, தடித்த துணியால் சூடு வரும் வரை தேய்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்கும். கடைசியில் தேங்காய் எண்ணெய் ஒரு மெல்லிய பூச்சு போதும், கூடினால் தோல் தளர்ந்து விடும். வெளிர் மண்ணிறத்தில் இருக்கும் பெல்ட் ஆறு மாதத்தில் தானாகவே கருஞ்சிவப்பாகும். துளை ஐந்து போடுங்கள், ஓர் அங்குல இடைவெளியில், வழக்கமாகப் போடும் அளவு நடுத்துளையில் வரும்படி. மகனுடைய பெல்ட் என்றால் வால் பக்கம் இரண்டு அங்குலம் கூட விட்டு வெட்டச் சொல்லுங்கள். வளருகிற பிள்ளை, பிறகு அதிலேயே இரண்டு துளை குத்திக்கொள்ளலாம்.