பெரியகுளத்தில் தொடங்கி தேனியில் நின்ற பயணம்: டி.டி.வி. தினகரனின் தேர்தல் களம்

கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம் பகுதி மக்களுக்கு டி.டி.வி. தினகரன் புதியவர் அல்ல. சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி என்றாலும், அவருடைய அரசியல் பிறந்தது நம் பள்ளத்தாக்கில்தான். சசிகலாவின் அக்காள் மகன் என்ற உறவே அவருக்கு அ.தி.மு.க.வில் வாசலைத் திறந்தது.

1999-ல் பெரியகுளம் மக்களவைத் தொகுதியில் அவர் வென்றார். வாஜ்பாய் அரசைக் கவிழ்த்துவிட்டு அ.தி.மு.க. காங்கிரசுடன் கைகோர்த்திருந்த நேரம் அது. அப்போது பெரியகுளம் நகராட்சித் தலைவராக இருந்த ஓ. பன்னீர்செல்வம், இந்தத் தேர்தல் வேலையின் மூலமே தலைமையின் பார்வையில் பட்டார் என்பார்கள்.

2004-ல் காட்சி மாறியது. அ.தி.மு.க. இம்முறை பா.ஜ.க.வுடன் நின்றது. தினகரனை எதிர்த்து காங்கிரஸ் நிறுத்தியது நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஜே.எம். ஆரூண் ரஷீத்தை. தமிழகத்தின் 39 தொகுதிகளையும் தி.மு.க. கூட்டணி அள்ளிய அந்தத் தேர்தலில் தினகரனும் தோற்றார். முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள ஒரு தொகுதியில் எல்லாச் சமூகத்து மக்களும் சேர்ந்து ஒரு முஸ்லிமை டெல்லிக்கு அனுப்பினார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மறுசீரமைப்பில் தேனி என்று பெயர் பெற்ற தொகுதியில் 2009-லும் ஆரூணே வென்றார். அப்போது அவரிடம் தோற்ற அ.தி.மு.க. வேட்பாளர் தங்க தமிழ்ச்செல்வன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

மக்கள் தோற்கடித்த அதே ஆண்டில் கட்சி தினகரனை மாநிலங்களவைக்கு அனுப்பியது. 2010 வரை அங்கே உறுப்பினர். 2011 இறுதியில் சசிகலா குடும்பத்தோடு சேர்த்து அவரையும் ஜெயலலிதா கட்சியை விட்டு நீக்கினார். ஜெயலலிதா மறைந்த பிறகே, 2017 பிப்ரவரியில், துணைப் பொதுச்செயலாளராகத் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் சுயேச்சையாக, குக்கர் சின்னத்தில் நின்று 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆளுங்கட்சியும் தி.மு.க.வும் இருந்த களத்தில் அது சாதாரண வெற்றி அல்ல.

2018 மார்ச்சில் மேலூரில் அ.ம.மு.க. பிறந்தது. நம் மக்கள் பலரும் அவரைத் திரும்பிப் பார்த்தது இந்தக் காலத்தில்தான். 2019-ல் எஸ்.டி.பி.ஐ. அவருடன் சேர்ந்து மத்திய சென்னையில் தெஹ்லான் பாகவியை நிறுத்தியது. 2021-ல் எஸ்.டி.பி.ஐ.க்கு 6 இடங்கள், ஒவைசியின் மஜ்லிஸ் கட்சிக்கு 3 இடங்கள். ஒன்றுகூட தேறவில்லை. தினகரனும் கோவில்பட்டியில் கடம்பூர் ராஜுவிடம் 12,403 வாக்குகளில் தோற்றார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2024-ல், பா.ஜ.க. கூட்டணி வேட்பாளராக தேனிக்கே திரும்பி வந்தார். சிறுபான்மையினர் வாக்குக்காக இரு கட்சிகளைச் சேர்த்துக்கொண்டவர், மோடியைப் பிரதமராக்க வாக்குக் கேட்டார். எதிரே நின்றவர் தங்க தமிழ்ச்செல்வன். 2019-ல் இதே தேனியில் தினகரனின் வேட்பாளராக நின்று மூன்றாம் இடம் பெற்று, பின் தி.மு.க.வில் சேர்ந்தவர் அவர். வித்தியாசம் 2,78,825 வாக்குகள்.

அதே நாளில் இன்னொரு முடிவும் வந்தது. பா.ஜ.க. ஆதரவுடன் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்ற பெரியகுளத்துக்காரர் ஓ. பன்னீர்செல்வம், முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனியிடம் தோற்றிருந்தார்.